ஆறு மூச்சும் ஒரே நாளில்

பழைய வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த மெக்கானிக்கை ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் டிப்போவில் பதினொரு வருஷம், சொந்தப் பட்டறையில் இருபது வருஷம். பானட்டைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். பிறந்த வீட்டில் நான்கு பிள்ளைகள்: மூத்தவள் பிரசவம் பார்க்கும் நர்ஸ், அடுத்தவன் கப்பலுக்குப் போனவன், மூன்றாமவள் கட்டிக்கொடுத்த இடத்திலேயே நிலைத்துவிட்டவள், கடைசி இவர். பிடிவாதம் மட்டும் பங்கு பிரிக்காமல் கடைக்குட்டிக்கே போய்ச் சேர்ந்தது என்று மூத்த அக்கா சொல்வாள்.

அந்த அக்காவின் கார்தான் இப்போது பேச்சு. முப்பது வருஷமாக அதில்தான் அவள் பிரசவ வீடுகளுக்குப் போய் வந்தாள். அது ரோட்டரி இன்ஜின். மற்ற வண்டிகளில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் பிஸ்டனே இல்லை. நடுவில் இடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோண இரும்பு ஒன்று சுற்றும். அப்படி இரண்டு கூடு, இரண்டு முக்கோணம். முக்கோணத்தின் மூன்று முனையிலும் சுவரை ஒட்டி உரசும் சீல் உண்டு. அந்த உரசல் விட்டால் காற்று நிற்காது, வண்டி கிளம்பாது.

மூன்று நாளைக்கு முன்னால் வண்டி கிளம்பவில்லை. ஜட்ஜ் வந்து பார்த்தார். நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்தார். ஒவ்வொன்றாக இரும்பில் தொட வைத்துப் பார்த்தபோது நீலமாக, படபடவென்று பொறி வந்தது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலும் குறையில்லாமல் வந்தது. கடைசியில் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை வைத்தார். முள் பாதிகூட ஏறவில்லை.

"சீல் போச்சுக்கா. இன்ஜின் செத்துப்போச்சு," என்றார்.

அக்கா அப்படியே நம்பிவிட்டாள். தம்பி சொல்லிவிட்டானே. வேறு வண்டியின் பிஸ்டன் இன்ஜினை வைப்பதென்று முடிவாயிற்று. பிஸ்டன் இன்ஜினுக்கு அந்த இடம் போதாது. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் பழைய இன்ஜினைத் திரும்ப உட்கார வைக்க முடியாது. அதற்குத்தான் இன்று காலை வெல்டர், கேஸ் சிலிண்டரோடு வந்து அக்கா வீட்டு ஷெட் வாசலில் நின்றான்.

"அண்ணே, ஆரம்பிக்கட்டுமா? எனக்கு மதியம் ஒரு கேட்டு வேலை இருக்கு."

"இருப்பா, ரெண்டு நிமிஷம்."

இத்தனை வருஷத்தில் அந்த முக்கோணம் சுற்றுவதை ஒருமுறைகூட ஜட்ஜ் கண்ணால் பார்த்ததில்லை. வெட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. நான்கு பிளக்கையும் கழற்றினார். எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. டார்ச்சை ஒரு பிளக் ஓட்டையில் பிடித்துக்கொண்டு, "அத்தான், சாவியைக் கொஞ்சம் திருப்புங்க," என்றார்.

அக்கா புருஷன் திருப்பினார். ஓட்டைக்குள் கண்ணாடிபோல் பளபளத்த இரும்பு முகம் ஒன்று வழுக்கிக்கொண்டு போனது; இன்னொன்று வந்தது; இன்னொன்று. சின்னப் பிள்ளைபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றார் ஜட்ஜ். அடுத்த நொடி ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது.

"ஐயோ அண்ணே!" வெல்டர் சிலிண்டரை இழுத்துக்கொண்டு தெருவுக்கே ஓடினான். "நான் பத்த வெச்சிருந்தா நீங்க நேரா மேலதான்!"

ஜட்ஜ் சிரிக்கவில்லை. காதில் ஏதோ நெருடியது. "இன்னொரு தடவை திருப்புங்க அத்தான்."

புஸ், புஸ், புஸ். முக்கோணத்தின் பக்கத்துக்கு ஒரு மூச்சு. மூன்றும் மெலிசு, ஆனால் மூன்றும் ஒரே அளவு. பின்கூட்டுக்குக் காதைக் கொடுத்தார். அதிலும் அப்படியே. ஒரு சீல் உடைந்தால் அதன் இரு பக்கத்து மூச்சும் தளரும், மூன்றாவது திடமாக வரும். ஆறு மூச்சும் சொல்லிவைத்ததுபோல ஒரே நாளில் தளருமா? பெட்ரோல்தான் உள்ளே தேங்கி, சுவரில் இருந்த எண்ணெயையெல்லாம் கழுவிவிட்டிருக்கிறது. எண்ணெய் இல்லாத சீல் காற்றை எப்படிப் பிடிக்கும்?

"அத்தான், வண்டி நிக்கிறதுக்கு முந்தின நாள் யாராவது எடுத்தாங்களா?"

"யாரு எடுக்கப் போறா? ஷெட்டைப் பெருக்க நான்தான் பத்தடி வெளிய விட்டேன். உடனே அணைச்சுட்டு, அப்புறம் கையாலயே உள்ள தள்ளிட்டேன். அது ஒரு குத்தமா?"

"சூடாகறதுக்குள்ள அணைச்சா இந்த இன்ஜின் பெட்ரோல்ல முழுகிப்போயிடும் அத்தான். சரி, அதுக்கப்புறம் யாராவது சாவியைத் தொட்டீங்களா?"

சமையலறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் தினம் காலையில ஒரு தடவை போட்டுப் பாப்பேன்டா. நீ சொல்லிட்டே, இருந்தாலும் மனசு கேக்கல."

ஜட்ஜ் குனிந்து குறுக்குச் சட்டத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் சட்டம் இரண்டு துண்டு.

பெட்ரோல் பம்ப்பின் ஒயரைக் கழற்றினார். பொறி வராமல் காயிலின் ஒயரையும் எடுத்துவிட்டு, உள்ளே தேங்கியதெல்லாம் வெளியேறும்வரை சாவியைத் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, துடைத்துக் காயவைத்த பிளக்குகளை முடுக்கி, இன்ஜினின் முன்பக்கப் பெல்ட் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். சீல் போயிருந்தால் லேசாகச் சுற்றியிருக்கும்; சக்கரம் கைக்கு எதிர்த்து நின்றது. மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்தார். உள்ளே காற்று நிற்கிறது! ஒயர்களை அதனதன் இடத்தில் மாட்டினார்.

இரண்டாவது திருப்பலில் ஒரு முனகல். நான்காவதில் பிடித்துக்கொண்டது. ஷெட், சந்து, எதிர்வீட்டு மதில் எல்லாம் வெள்ளைப் புகையில் மறைந்துபோயின. மெல்ல மெல்லப் புகை மெலிந்தது. குதிப்பு இல்லாமல், உதறல் இல்லாமல், ஒரே இழையாக இன்ஜின் இரைந்தது.

"செத்ததுக்கு உசிரு குடுத்துட்டீங்களே அண்ணே!" என்று புகைக்குள்ளிருந்து வெல்டர் கத்தினான். "ஊரு பூரா சொல்றேன் பாருங்க!"

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஜட்ஜின் பெயர் இன்னும் இரண்டு பங்கு பெரிதாகியிருக்கும். அவர் பெட்ரோல் சட்டையோடு அக்காவுக்கு நேரே போய் நின்றார்.

"அது சாகவே இல்லக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மூணு மூச்சாக் காதால கேக்க வேண்டியதை மீட்டர்ல ஒரே முள்ளாப் பாத்துட்டேன். அத்தான் மேலயும் குத்தமில்ல, உன் மேலயும் இல்ல."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு நாளா சோறு இறங்கல எனக்கு, தெரியுமாடா?"

"திட்டுக்கா."

"திட்டுவேன், எங்க போயிடப் போறே." பானட்டை இறக்கி மூடி, அதன்மேல் ஈரக் கையை வைத்து அழுத்தினாள். "இப்ப வாயை மூடிட்டு நில்லு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."