வரிசை மாறிய டிஸ்க்குகள்

பெரம்பலூரில் நாங்கள் வீடு மாறிய அந்த ஆவணியில் என் கணவருக்கு ஓய்வே இல்லை. அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சிடியில் போடுவது என் வேலை. அதற்கென்று முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வீடியோ திக்காமல் ஓடுவதற்காக அதில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்திருந்தோம். ஒவ்வொரு படமும் துண்டு துண்டாகி மூன்றிலும் மாறி மாறிப் பதியும். வேகமாக இருக்கும். ஆனால் மூன்றும் அதே வரிசையில் இருந்தால்தான் பதிந்தது திரும்பக் கிடைக்கும்.

ஆட்டோவில் குலுங்கிக் கெட்டுவிடக் கூடாது என்று அவர் டிஸ்க்குகளைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மேசை டிராயரில் சும்மா கிடந்த பழைய டிஸ்க் ஒன்றும் அதே துண்டில் சேர்ந்துவிட்டது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. எதிலும் அடையாளம் எழுதவில்லை. புது வீட்டில் கைக்கு வந்த மூன்றை மாட்டினார். கோளாறு என்று திரையில் வந்ததும், பழைய கோர்வையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கினார். அதன்பின் உள்ளே ஒன்றுமே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

மறுநாள் காலை உடையார்பாளையத்துக்குக் கல்யாணம் எடுக்கக் கிளம்பியவர், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ தொடாதே என்று வாசலில் நின்று சொன்னார். அடுத்தடுத்து இரண்டு ஊர், வியாழக்கிழமைதான் திரும்புவார்.

உள்ளே இருந்தது லெப்பைக்குடிக்காட்டில் எடுத்த ஒரு நிக்காஹ். கேமராவில் அதைப் பதிந்த டேப்புகளில் அதற்குள் வேறு கல்யாணங்களை எடுத்தாகிவிட்டது. பெண்ணின் அண்ணனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே போகும் ஒருவர் கையில் சிடியைக் கொடுத்தனுப்ப வேண்டும். பெண்ணின் அம்மா திங்கட்கிழமையே பஸ் பிடித்து வந்து கேட்டார். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, அதனால்தான் தாமதம் என்றேன். அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சரிம்மா என்று எழுந்து போனார்.

டிஸ்க் விற்ற திருச்சிக் கடைக்காரருக்கு போன் செய்தேன். கோர்வைதான் போயிருக்கிறது, பதிந்தது டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும், மேலே எதையும் எழுத விடாதீர்கள், அழிக்கவா என்று எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்று கொடுங்கள், வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். நான்கின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி எண் போட்டேன். நான்கில் எந்த மூன்று, எந்த வரிசை என்று எழுதிப் பார்த்தால் இருபத்து நான்கு விதம் வந்தது.

ஒவ்வொரு முறையும் கரண்ட்டை நிறுத்தி, ஒயர்களைப் பிடுங்கி மாட்டி, திரும்பக் கோர்வை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். இடையில் சமையல், துவைப்பது, இன்னும் பிரிக்காத சாமான் மூட்டைகள். கேபினெட்டின் தகரம் விரலைக் கிழித்தது. செவ்வாய் முழுக்க ஆறு முறைதான் முடிந்தது. ஆறிலும் ஒன்றுமில்லை.

புதன் காலை ஏழாவது முறை போட்டுவிட்டு, தண்ணீர் வந்துவிட்டதே என்று குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் தானாகவே டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று எதையோ திருத்திக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மறுபடி பார்த்ததில் ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தன, எதுவும் திறக்கவில்லை. பெயர்ப் பட்டியல் முதல் டிஸ்க்கில்தான் இருக்கும் என்பதால் அது சரி, அடுத்தவைதான் தப்பு என்று புரிந்தது. அதை முதலில் வைத்தால் இனி ஐந்து விதம்தான் பாக்கி. ஆனால் எதைக் கெடுத்துவிட்டதோ என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா மறுபடி வந்தார். பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. பஸ்ஸுல போறப்பவும் அந்த ஃபேனத்தான் நெனச்சிக்கிட்டே போனேன்" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் இருக்கேன். நீங்க பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழுதி வைத்த தாளை வாங்கி, ஆகாதவற்றை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தார். இடையில் தொழுகைக்கு இடம் கேட்டார்; மூட்டைகளைத் தள்ளிக் கொடுத்தேன். பிற்பகலில், பதினோராவது முறை, ஒரு ஃபைல் திறந்தது. பிரியாணிச் சட்டியைச் சமையல்காரர் கிளறிக்கொண்டிருந்தார்.

"இது எங்க வூட்டு சட்டிதான்" என்றார் அந்த அம்மா, யாரோ சந்தேகப்பட்டது போல.

எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைசி இருபது நிமிடம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற இடம். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதுவா? அத அவன் பாக்க வேணாம். பாத்தா அழுவான்" என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

வியாழன் மதியம் அந்த அம்மாவின் தம்பி வந்து சிடிகளை வாங்கிப் போனார். மாலையில் என் கணவர் வந்தார். பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டர் முன் நின்று, எப்படி வந்தது, எது முதல் டிஸ்க் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேசைமேல் தாள் இருக்கிறது என்றேன். அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, துணி மூட்டையில் சாய்ந்தபடி நான் தூங்கிப்போனேன்.