இலையின் வாய்

நிறமில்லாத நகப்பூச்சுப் புட்டி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை நான் நகத்தில் பூசியதில்லை. அப்படி ஒரு பூச்சை முதன்முதலாக நான் கவனித்தது கொடைக்கானல் மலைக்கிராமமான கவுஞ்சியில், ஒரு பீன்ஸ் இலையின் அடிப்பக்கத்தில். பூசியவர் எங்கள் ஆய்வகத்து அக்கா, எனக்கு மூத்த ஆய்வு மாணவி.

அக்காவின் பையில் எப்போதும் இருப்பவை: நகப்பூச்சு, செலோ டேப், கண்ணாடித் தகடுகள், கையடக்க நுண்ணோக்கி, வறுத்த கடலை. பூச்சு காய்ந்ததும் டேப்பை ஒட்டி உரித்தால் இலைத்துளைகளின் அச்சு அப்படியே வந்துவிடும். எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்று அதில் பார்க்கலாம். மண் காயத் தொடங்கினால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். துளைகளை மூடச் சொல்லும் சேதி அது. மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் இலை உணவு ஆக்குவதும் குறையும். எந்த பீன்ஸ் ரகம் அளவாக மூடி, மிச்சம் பிடித்த நீரில் காய்க்கிறது என்பதுதான் அக்காவின் கேள்வி. அதற்காகப் படிக்கட்டு வயலின் ஒரு தட்டில் பிளாஸ்டிக் கூரை போட்டு, பூக்கும் நேரத்தில் நீரை நிறுத்தியிருந்தோம். அந்தப் பருவத்தோடு அக்காவின் ஆய்வுக்காலம் முடிகிறது. மறுபடி நட வழியில்லை.

தோட்டத்துக்காரம்மாவுக்கு முதல் நாளே சிரிப்பு. "பீன்ஸுக்கு நகப்பூச்சா? பொண்ணு பாக்க வாராங்களா தாயி?"

"ஆமாங்க, மாப்பிள்ளை அவரைக்காய்" என்றார் அக்கா, முகம் மாறாமல்.

அன்றே அந்த அம்மாவை அக்கா நுண்ணோக்கியில் பார்க்க வைத்தார். இலைத்துளை என்ற பாடப்புத்தகச் சொல்லை விட்டுவிட்டு, "இதெல்லாம் இலையோட வாய்ங்க" என்றார். அந்த அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதன்பின் எங்களைக் கண்டால், இன்றைக்கு வாய் திறந்ததா என்றுதான் விசாரிப்பார்.

கடைசி அச்சுகளை எடுக்கவேண்டிய சமயத்தில் சாலையில் மரம் விழுந்து பேருந்து நின்றுபோனது. கொடைக்கானலிலேயே மாட்டிக்கொண்டோம். வழி திறந்து போய்ச் சேர்ந்தபோது கூரைக்கடியில் பாத்தியெல்லாம் ஈரம். வாடியிருந்த இலைகள் நிமிர்ந்து நின்றன. ரப்பர் குழாய் வரப்பில் கிடந்தது.

தோட்டத்துக்காரம்மா ஒளிக்கவில்லை. "தண்ணி விடக்கூடாதுன்னீங்க, மறக்கல. ஆனா எலைக்கு வாய் இருக்குன்னு நீங்கதான காட்டுனீங்க? வாயுள்ள உசுரு தவிச்சுக் கெடக்கு. பாத்துக்கிட்டு எப்படித் தாயி சும்மா இருக்க?"

அக்கா குனிந்து, வழக்கம்போல ஓர் இலையின் அடியில் பூசினார். காயும்வரை ஊதினார். உரித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் தொறந்திருக்குங்க. நல்லாக் குடிச்சிருக்கு" என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. காபி கொண்டுவந்தார். குடித்தோம்.

திரும்பும்போது பேருந்தில் அக்கா ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். "அவங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் குடுத்த சொல்லு அப்படி."

அக்கா இப்போது திண்டுக்கல்லில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். போனில் பேசும்போது எல்லாரையும் விசாரிப்பார், பீன்ஸைத் தவிர. அந்த ரகங்களில் எது தாங்கியிருக்கும் என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இலைத்துளை என்றே சொல்வேன். வேறு சொல் சொல்வதில்லை. போன வாரம் செய்முறை வகுப்பில் பூச்சை உரித்துத் தகட்டில் ஒட்டிக் கொடுத்தேன். நுண்ணோக்கியில் குனிந்திருந்த மாணவி நிமிராமலே சொன்னாள்: "மேடம், குட்டிக் குட்டி வாய் மாதிரியே இருக்கு."

இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். முடியவில்லை. புட்டியின் மூடியைத் திருகி இழுப்பறையில் வைத்தேன்.