பாவாயம்மாள் வீட்டு ஒத்திகை

பாவாயம்மாள் தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் இப்போது குடியிருக்கும் பனமரத்துப்பட்டியின் சலூனில், ஒரு கன்னம் வழித்து முடித்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். செய்தி தந்தியில் வரவில்லை, லாரியில் வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு நின்ற காலி லாரியிலிருந்து டிரைவர் குதித்து, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

“எழுத்துக்காரருங்களா? பெரியம்மா காத்தால தவறிட்டாங்க. தங்கராசண்ணன் உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க.”

“இந்தக் கன்னத்தையும் வழிச்சிட்டு வந்துடறேனே.”

“நேரமில்லீங்க. நீங்க வந்தாத்தான் எடுக்க முடியுமாமுங்க.”

எழுதுகிறவனுக்குத் தற்பெருமை கொஞ்சம் கூடுதல். நாலு வார்த்தை இரங்கல் பேசத்தான் என்னை எதிர்பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே போனேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் அந்த அம்மாளை அறியாதவர்கள் குறைவு. ஆனால் பலரும் அறிந்தது ‘அந்தப் பொண்ணோட அம்மா’ என்றுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். மகள் சரசுவை டாக்டர்களிடம் காட்ட வசதியாக இருக்கும் என்று சேலத்துக்குக் குடிவந்தார்கள். கணவருக்கு ஒரு லாரி. பாதி மாதம் அதோடு வெளி மாநிலத்தில் இருப்பார், மீதி மாதம் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். மூத்தவன் தங்கராசு, அடுத்தவள் சரசு. வீட்டின் முன்பகுதியில் நானும் என் மனைவியும் எழுபதுகளின் நடுவில் வாடகைக்குப் போனோம். ஆத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா நான். பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுவது உபதொழில். யார் சிரித்தார்கள் என்பது வேறு விசாரணை.

சரசு அப்போது பாவாடை கட்டும் வயது. பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மேளம், குக்கர் விசில், லாரி ஹாரன் எதுவும் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிடித்தது ஒன்றே ஒன்று, துணியின் கரை. கொடியில் காயும் புடவை, மடித்து வைத்த துண்டு என்று எது கிடைத்தாலும் ஓரத்தை விரல்களுக்கிடையே விட்டு நெருடிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பாள். நாங்கள் குடிவந்த அன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது நேராக என்னிடம் வந்து என் வேட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு கையிலும் எனக்கு டிரங்குப் பெட்டி. எங்கள் முதல் அறிமுகமே மானப் பிரச்சினையாகிவிட்டது. என் மனைவி உதவிக்கு வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவாயம்மாள் ஓடிவந்து மகளின் விரல்களை விடுவித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், “இந்த ஊட்டுல இருக்கோணும்னா வேட்டிய இறுக்கிக் கட்டோணுங் தம்பி” என்றார். வாடகை நிபந்தனைகளில் அது ஒன்றுதான் கடைசிவரை மாறவில்லை.

மதராசில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். “என்ன சொன்னாருங்க அக்கா?” என்று கேட்டேன். “ஆட்டிசம்னு ஒரு பேரு சொன்னாருங் தம்பி. பேரு வெச்சாச்சு, இனிச் சோறு அவளே உண்பாளான்னு கேட்டேன். அதுக்குப் பதிலு வரல” என்றார். அதோடு அந்தப் பெயரை டாக்டர் சீட்டோடு மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, சரசுவுக்குத் தானே உண்ணச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதற்கு எத்தனை காலமாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் உண்டுகொண்டிருந்தாள்.

ஊருக்கு அந்தப் பெண்ணிடம் எதிர்பார்ப்பு நிறைய. பேசாத பெண்ணுக்குள் ஏதோ சக்தி இருந்தே ஆக வேண்டும் என்று தெருவில் ஒரு கட்சி. எதிர்வீட்டு ரிட்டயர்டு மனிதர் ஒருவர், பெரிய படிப்புக்காரர், லாட்டரிச் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து நீட்டி, “பாப்பா கையால ஒண்ணு தொடட்டும்” என்று வந்து நிற்பார். பாவாயம்மாள் வாசலிலேயே மறித்தார். “ஏனுங்க, இவளுக்கு நம்பரு தெரிஞ்சா நான் எதுக்குங்க முன்பக்கத்தை இந்தத் தம்பிக்கு வாடகைக்கு உடறேன்? இவரு எழுதறதையெல்லாம் வேற நான் படிக்க வேண்டியிருக்குதுங்க!” ஒரே கல்லில் என்னையும் சேர்த்து அடித்ததை நான் கவனிக்காமலில்லை. இன்னொரு கட்சி, கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றது. அவர்களுக்கு அவர் சொன்ன பதில்: “உங்க பையன் சும்மாத்தானுங்க இருக்கறான்? பேசி முடிச்சரலாமுங்களா?” அந்தக் கட்சி உடனே கலைந்துவிடும்.

பாவாயம்மாளிடம் இருந்த எதிர்பார்ப்பு இன்னும் பெரியது. அவர் அழவேண்டும். மெலிந்து, விரதம் இருந்து, தலைக்கு எண்ணெய் இல்லாமல் திரியவேண்டும். அவரோ கதம்பம் வைத்துக்கொண்டு சினிமாவுக்கு மேட்னி போவார். அந்த மூன்று மணி நேரமும் சரசு என் மனைவியின் முந்தானையோடு இருப்பாள். ‘பெத்தது இப்படி இருக்க, இவளுக்குச் சினிமா கேக்குதா’ என்று தெரு பேசியது. அவர் காதில் விழும்படியே பேசியது. “நான் அழுதா அவளுக்குப் பேச்சு வருமுங்களா? வருமின்னா சொல்லுங்க, நாளையிலிருந்து உக்காந்து அழுவறேன்” என்றார் ஒருமுறை. மாதர் சங்கம் ஒன்று அவருக்குத் ‘தியாகத் தாய்’ என்று பொன்னாடை போர்த்தத் தீர்மானித்தபோது, வாழ்த்துரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிரமாதமாக எழுதி வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “யாரு தம்பி இந்தம்மா? பாவமா இருக்குது. நம்ம தெருவுலயா இருக்கறாங்க?” என்றார். விழாவுக்கும் போகவில்லை. “ஒருக்காத் தியாகின்னு போட்டுட்டா அப்பறம் அவள அதட்டக்கூட முடியாதுங் தம்பி” என்று காரணம் சொன்னார். என்னிடம் அவர் கேட்டுக்கொண்டதும் அதுதான்: “சிரிக்கோணும்னாச் சிரிங்க. ஐயோ பாவம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

தங்கராசுவுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். நாமக்கல் பக்கத்துப் பெண், கலாமணி. அப்போதுதான் இணைச்சீர் பேச்சு வந்தது. நம் பக்கத்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் சமூகத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அவனோடு பிறந்தவளும் சபை நடுவே நிற்க, கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்கும். சீர்களை நடத்தும் அருமைக்காரர் என்கிற பெரியவர் ஆசி சொல்லி முடித்த பிறகு அந்தப் புடவை மணப்பெண்ணுக்குப் போகும். அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் தாலிக்கு வந்து உட்காருவாள்.

மாப்பிள்ளையின் சித்தி மேச்சேரியிலிருந்து வந்து இறங்கினார். “சரசு பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். சபையில கத்திக்கித்தி வெச்சா யாருக்குக் கேவலம்? இணைச்சீருக்கு எம்புள்ள நிக்கட்டும்” என்றார். அவர் மகளும் முறைப்படி தங்கைதான் என்று ஒரு கணக்கும் சொன்னார்.

“கூடப்பொறந்தவ உசுரோட இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க?” என்றார் பாவாயம்மாள்.

காரணத்தைப் பிறகு என்னிடம்தான் சொன்னார். “நாளைக்கு நாங் கண்ண மூடிட்டா, இவள எந்தக் கோயில்லயாச்சும் கொண்டுபோயி உட்டுட்டு வாங்கன்னு சொல்றதுக்கு எங்க சனத்துல ஆளிருக்குதுங் தம்பி. அண்ணங்காரன் அத்தன பேரு முன்னால இவகூட நின்னுட்டான்னா, அந்தப் பேச்சை எடுக்க ஒரு கூச்சம் வரும். பாசமெல்லாம் நான் கேக்கல. அந்தக் கூச்சம் இருந்தாப் போதும்.”

மறுநாளே ஒத்திகை ஆரம்பமாயிற்று. பழைய நூல் சேலை ஒன்று கூறைப்புடவை. ஒரு முனையில் தங்கராசு, மறுமுனையில் சரசு. அருமைக்காரர் வேஷத்துக்கு ஆள் வேண்டுமே? துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நான் நின்றேன். ஆசி சொல்வதுபோல் ஏதாவது முணுமுணுத்துவிட்டு, “ஆச்சுங்க சாமி” என்று சொல்லிச் சரசு கையிலிருந்து முனையை வாங்கி மடித்துக் கூடையில் வைக்க வேண்டும். நான் ஆத்தூர் வழக்கில் “ஆச்சு சாமி” என்று சொல்ல, “ங்க போட்டா நாக்கு தேஞ்சிருமுங்களா?” என்று அதற்கும் திருத்தம். முதலில் சரசு சேலையோடு ஓடினாள். பிறகு நின்றாள். பிறகு தானே சேலையைக் கொண்டுவந்து தங்கராசு கையில் ஒரு முனையைத் திணித்தாள். “அம்மா, தெருவே பாக்குது” என்று நெளிவான் அவன். “பாக்கட்டும். பாக்கோணும்னுதான சாமி செய்யறோம்” என்பார் அவர்.

கல்யாணம் நாமக்கல்லில். சரசுவுக்காக, இணைச்சீர் முடியும்வரை மேளம் நிற்க வேண்டும் என்று பாவாயம்மாள் முன்பே சொல்லி, மேளக்காரர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டார். மேளக்காரர்கள் பந்திக்குப் போவதைக் கண்டதும் என் கால்களும் தாமாக அந்தப் பக்கம் திரும்பின. நிஜ அருமைக்காரர் வந்தாயிற்று, என் வேஷம் கலைந்தது என்பது என் முடிவு. நான் கேசரியில் இருந்தபோது மண்டபத்தில் சரசு பட்டுச் சேலையும் நகையுமாக அண்ணனோடு நின்றாள். கத்தவில்லை, ஓடவில்லை. பெரியவர் ஆசி சொன்னார். எல்லாம் முடிந்தது. சரசு முனையை விடவில்லை.

முகூர்த்த நேரம் நெருங்குகிறது. உள்ளே கலாமணி கூறைக்காகக் காத்திருக்கிறாள். பெரியவர் கேட்டார், அப்பா கேட்டார், அண்ணன் கெஞ்சினான். “நாஞ் சொன்னனல்லோ!” என்று மேச்சேரிச் சித்தி சபைக்கே கேட்கும்படி சொன்னார். “புடுங்குங்கப்பா” என்று யாரோ எழுந்தார்கள்.

பாவாயம்மாள் குறுக்கே வந்து நின்றார். “யாரும் கை வெக்காதீங்க. சொல்லிக்குடுத்ததத்தான் அவ செய்யறா. நம்ம பக்கம்தான் ஒரு ஆளு கொறையுது. எங்க அந்த எழுத்துக்காரரு?”

பந்தியிலிருந்து என்னை ஏறக்குறையத் தூக்கி வந்தார்கள். எச்சில் கை. தலையில் துண்டைச் சுற்றினார் யாரோ. “இவரு யாரு?” என்றார் நிஜ அருமைக்காரர். “ஒத்திகைக்கு நின்னவருங்க” என்றார் பாவாயம்மாள். பெரியவர் என் தலைப்பாகையையும் கையிலிருந்த கேசரியையும் பார்த்தார். “அப்ப எனக்கு மூத்தவரு. முடிச்சு வைங்க” என்று விலகி நின்றார். நான், “ஆச்சுங்க சாமி” என்றேன். சரசு முனையை என் கையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கூறைப்புடவையில் என் கைநெய் ஒரு திட்டாகப் படிந்தது. கலாமணி அதைக் கட்டிக்கொண்டுதான் தாலிக்கு வந்தாள்; திட்டு எங்கே என்று இன்றைக்கும் காட்டுவாள்.

லாரி அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் நின்றபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். கூட்டம் வெயிலில் சும்மா நின்றது. உள்ளே பாவாயம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் சரசு, அம்மாவின் புடவைக் கரையை விரல்களில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து அப்படியே என்றார்கள். கலாமணி அவளுக்குக் காவல்போல உட்கார்ந்து, யாரும் இழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். அதற்குத்தான் நான். இரங்கலுரைக்கு அல்ல.

மேச்சேரிச் சித்தி என் பாதித் தாடியைப் பார்த்தார். பிறகு, “இவள இனிமேலு எங்காச்சும்…” என்று ஆரம்பித்தார். தங்கராசுவைப் பார்த்தார். கலாமணியைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்காமல் வெற்றிலைப் பையைத் துழாவினார்.

தோள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருமுறை கனைத்துவிட்டு, “ஆச்சுங்க சாமி” என்றேன். சரசு என்னைப் பார்க்கவில்லை. விரல்களில் சுற்றியிருந்ததை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். பிறகு கரையை எடுத்து என் கையில் வைத்தாள். மடிப்பதற்குக் கூடை இல்லை. பாவாயம்மாளின் காலடியில் செருகிவிட்டேன்.

எழுந்த சரசு, கைநீட்டிக் கலாமணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் பதறிப் பார்த்தேன். கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இறுக்கித்தானுங்க கட்டியிருக்கறேன்” என்றாள்.

பாவாயம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதிகமில்லை. யாரையும் ஐயோ பாவம் என்று சொல்ல வருகிறபோது நாக்கு நின்றுவிடுகிறது. அது அவர் கொடுத்தது. அவர் கொடுத்த வேஷத்தை யாரும் இன்னும் திரும்பக் கேட்கவில்லை. மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குப் போகிறேன். படியேறுமுன் வாசலில் நின்று வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.