சுகமாயிருப்பவர்களுக்கு மல்லித்தண்ணி

பலேர்மோவில் என் மகள் படிக்கும் பாலர் பள்ளியின் இலையுதிர்கால விழாவுக்கு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உடலுக்கு நல்ல பானமொன்று கேட்டிருந்தார்கள். அறிவித்தலில் ‘மது கலக்காதது’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. ஐந்து வயதுப் பிள்ளைகளின் விழாவுக்கு இதையும் சொல்ல வேண்டுமா? புது வைன் வரும் பருவத்தில் இங்கே சொல்லத்தான் வேண்டும் போலும்.

எங்கள் ஊரில் இலையுதிர்காலம் ஏது? மாரி வரும், கூடவே மூக்கடைத்துத் தடிமன் வரும், அம்மா என் மூக்கைப் பொத்தி மல்லித்தண்ணி பருக்குவார். உடலுக்கு நல்லது என்றால் என் கற்பனை அதற்கு மேல் ஓடவில்லை. மல்லியை வறுத்து, வேர்க்கொம்புச் சுக்கு தட்டிப் போட்டு அவித்தேன். பனங்கட்டியை இவர்கள் சந்தேகிக்கலாம் என்று தேன் விட்டேன். பிறகு தேனை நானே சந்தேகித்துத் ஆரஞ்சுத் தோடம்பழத் தோலும் போட்டேன்.

“என்னப்பா, காய்ச்சல்காரருக்கோ விருந்து?” என்றார் கணவர்.

மகள் அபியின் கவலை வேறு. “அம்மா, நாங்கள் கொண்டுபோறதை எல்லாரும் குடிப்பினமோ?” அந்த வகுப்புக்கு அவள் புதிது. ஒருவரும் இன்னும் அவளைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை. சுடுதண்ணிப் போத்தல் வெறுமையாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

மாதுளைச் சாறுகளுக்கு நடுவே போத்தலைத் திறந்தேன். மணம் பட்டதும் அபி பின்வாங்கினாள். “நோன் சோனோ மலாத்தா!” தனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லையாம். மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆசிரியை ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டார்.

“காய்ச்சலா, சிஞோரா?”

“இல்லை, இது வருத்தம் வராமலிருக்க.”

“சுகமாயிருக்கிற பிள்ளைகளுக்கு மருந்தா?”

சுகமாயிருந்த நாளில் நானே அதைக் குடித்ததில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட ஒரு மிடறு குடித்தேன். வேர்க்கொம்பு தொண்டையில் ஏற, கண் கலங்க இருமினேன். தாய்மார் பிள்ளைகளை மெல்ல இழுத்துக்கொண்டார்கள். போத்தல் நிறைந்தபடியே வீடு வந்தது. வழி முழுக்க அபி எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

அடுத்த கிழமை வகுப்பில் பாதிப் பேருக்குத் தடிமன். பள்ளி வாசலில் ஆசிரியை அடைத்த குரலில் கேட்டார்: “சிஞோரா, அந்த மருந்து இன்னும் கிடைக்குமா?” பக்கத்தில் நின்ற தாயொருத்தி தன் மகனுக்கும் சேர்த்துக் கேட்டாள்.

மறுநாள் காலை மல்லி கொதித்தது. மூக்கு வடிய நின்ற அபிக்கு முதல் கோப்பையை நீட்டினேன்.

“எனக்கு வேண்டாம். கமோமில்லா தாங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“நாங்கள் குடிச்சா வகுப்பில அவையளுக்குக் காணாது.”

பக்கத்து அடுப்பில், தடிமனுக்கு இங்குள்ளவர்கள் குடிக்கும் கமோமில்லாப் பூவுக்குத் தண்ணி வைத்தேன். இரண்டும் ஒன்றாகவே பொங்கின. எதை முதலில் இறக்குவது என்று தெரியவில்லை. என் கையில் பிடிதுணி ஒன்றுதான் இருந்தது.