சுருட்டி வைத்த ஏரியல்

ரேடியோ கண்ட்ரோல் என்ற இரண்டு சொற்களில் முதல் சொல் எனக்குத் தெரியும். இரண்டாவதும் அதற்குள் அடக்கம் என்று நினைத்து வேலையை ஒப்புக்கொண்டேன். தென்காசியில் கடை போட்டு, வால்வு ரேடியோவும் டிரான்சிஸ்டரும் பார்த்துத் தலை நரைக்க ஆரம்பித்திருந்த காலம். ஆங்கில எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிப் படிப்பேன். 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வது என்பதை மட்டும் அந்தப் பத்திரிகைகள் சொல்லித் தரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். சுரண்டைக்காரர் தேவசகாயம், வளைகுடா வேலையிலிருந்து விடுமுறையில் வந்தவர், மனைவி ரூத்துடன் கடைக்கு வந்தார். பெஞ்சில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர், இரண்டு சர்வோ. சர்வோ என்றால், நாம் சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பி நிற்கிற குட்டி மோட்டார். கூடவே இலத்தூர் ஆசாரி செய்து கொடுத்த மூன்றடி நீள மரப்படகு.

"குற்றாலத்துக் குளத்துல சீசனுக்கு வாற கூட்டம் பெடல் படகு மிதிக்குதுல்லா அண்ணாச்சி, மிதிக்க முடியாதவங்க கரையில நின்னே இத ஓட்டட்டும். சனிக்கிழம ஓட்டிக் காட்டுங்க, நல்லா ஓடுனா கரையில எடம் தாறேன்னு குளத்து ஆபீசர் சொல்லியிருக்காரு."

"ஓடலைன்னா?"

அவர் மனைவியைப் பார்த்தார். ரூத் சொன்னாள்: "ஓடலைன்னா திரும்பப் பிளேன் ஏறணும். டிக்கெட்டு பீரோவுல இருக்கு. எங்க மக இவுகள மாமான்னு கூப்புடுதா அண்ணாச்சி."

அதற்குப் பிறகு எப்படி மறுக்க முடியும்? அதற்கு முன்பும் மறுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

மோட்டாருக்கு மோட்டார்சைக்கிள் பேட்டரி, ரிசீவருக்குத் தனியாகப் பென்சில் செல். ஒரு சர்வோவைச் சுக்கானுக்கும் மற்றதை வேகம் மாற்றும் சுவிட்சுக்கும் இணைத்தேன். மோட்டார் பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறி ரேடியோவைக் கெடுக்கும் என்பது தொழிலில் தெரிந்த சங்கதி; அதை அடக்க மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே டிஸ்க் கண்டன்சர் வைத்துச் சால்டர் செய்தேன். இதுவரை எல்லாம் சரிதான். என் புத்திசாலித்தனம் இனிமேல்தான் வருகிறது.

என் வயரிங் சுத்தமாக இருக்கும் என்று பெயர். எத்தனை வயர் இருந்தாலும் ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் விரல்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுக் கட்டிவிடுவேன். என் கடையில் பிரித்த ரேடியோவுக்குள் ஒரு வயர்கூட அநாதையாக அலையாது. இந்த ரிசீவரிலிருந்து மட்டும் ஒரு மெல்லிய வயர், ஒரு கஜத்துக்குக் குறையாமல், எதிலும் சேராமல் தொங்கியது. அது அலையைப் பிடிக்கும் ஏரியல் என்று தெரியாமல் இல்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் ஏரியல் சுருளாகத்தானே இருக்கிறது, இதுவும் சுருண்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன். பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, பென்சிலை உருவி, சுருளைப் பேட்டரி ஓரத்தில் கட்டி வைத்தேன். பார்க்க நகை மாதிரி இருந்தது. கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டபோது படகு சொன்ன பக்கம் திரும்பியது. தேவசகாயம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை குற்றாலத்தில் மெல்லிய சாரல். ஆபீசர் குடையுடன் வந்து நின்றார். படகு அழகாகக் கிளம்பியது. பத்து கஜம் தாண்டியதும் சுக்கான் நடுங்கியது. பிறகு ஒரே பக்கம் திரும்பி நின்றுகொள்ள, படகு செக்குமாடு போல வட்டம் போட்டது. டிரான்ஸ்மிட்டரை நான் எப்படி முறுக்கியும் கேட்கவில்லை. பெடல் படகில் போன ஒருவர்தான் அதைப் பிடித்துவந்து கொடுத்தார்.

"என்ன சார் இது?" என்றார் ஆபீசர்.

"காற்றில் ஈரப்பதம் சார். அலைகள் கொஞ்சம் தடுமாறும்."

ரூத் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அண்ணாச்சி, சீசன் பூரா இங்கன ஈரமாத்தான இருக்கும்?"

நான் கேட்காதது போல மேல்தட்டுப் பலகையைக் கழற்றிவிட்டுப் பென்சில் செல்லை மாற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தேவசகாயம் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விமானம் ஏறிவிட்டவரின் முகம்.

படகை ஒட்டி ரூத் வைத்திருந்த முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலம் அங்கே இருந்த ஒரு குரங்கின் கண்ணில் பட்டது. அது மரத்திலிருந்து இறங்கி, ஒரு கையில் பொட்டலத்தை எடுத்தது. மறுகையால் என் நகையைப் பிடித்து இழுத்தது. நூல் அறுந்து, சுருள் பிரிந்து, வயர் முழு நீளத்துக்கும் வெளியே வந்தது. அது தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் போட்டுவிட்டு மரமேறியது.

"ஐயோ, வயரு போச்சே" என்றார் தேவசகாயம்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு வேற வேலை இருக்கு. கடைசியா ஒரு தடவை விடுங்க, இல்லைன்னா விட்டுருங்க."

மறுபடி சுற்றிக் கட்ட நேரமில்லை. பலகையை மூடினேன்; வயரைப் படகின் மேல் நீளமாக, அவமானத்தோடு கிடக்க விட்டேன். படகு கிளம்பியது. பத்து கஜம், இருபது கஜம், பெடல் படகுகளைத் தாண்டி எதிர்க்கரை ஓரம் வரை போனது. திருப்பினேன். திரும்பியது. நேராக வந்து ஆபீசர் காலடியில் நின்றது.

"இப்ப எப்படிச் சரியாச்சு?"

"ஏரியலை அட்ஜஸ்ட் பண்ணினோம் சார்." பன்மையில் சொன்னதால் அது பொய் ஆகாது.

இடம் கிடைத்தது. அந்தச் சீசனும் அடுத்த சீசனும் குளக்கரையில் அந்தப் படகுக்குக் கூட்டம். தேவசகாயம் விமான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். மகள் 'அப்பா' என்று கூப்பிடப் பழகிவிட்டாள். எதற்கெடுத்தாலும் கூப்பிடுகிறாள் என்று அவரே வந்து அலுத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிரான்சிஸ்டரில் ஃபெரைட் என்கிற காந்தப்பொருள் தண்டின் மேல் இருக்கும் சுருள் வேறு அலைவரிசைக்கு, வேறு கணக்கில் சுற்றியது. ரிசீவரில் தொங்கும் வயரின் நீளம் அளந்து விட்ட நீளம்; அதை வெட்டாதீர்கள், சுற்றாதீர்கள், மோட்டாரிலிருந்து தள்ளி நீட்டி விடுங்கள். ஒரு வயரை அழகுபடுத்தும் முன் அதற்கு என்ன வேலை என்று கேளுங்கள். பெஞ்சில் ஓடியதை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்; எங்கே ஓட வேண்டுமோ அங்கே, அவ்வளவு தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

குரங்கு கதையை ரூத் சுரண்டை முழுக்கச் சொல்லியிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரமே அங்கிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் கரகரக்கும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெஞ்சில் வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்:

"இத நீங்களே பாத்துருவீகளா அண்ணாச்சி, இல்ல குற்றாலத்துக்குக் கொண்டு போகணுமா?"