பொன்னி அரிசிப் பைக்குள் இரண்டு கைகள்

இன்று காலை ஆகுர்டியிலிருந்து ஔந்த் வரும் வழியில், சிக்னலில் பிரேக் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. குளிரில் மரத்துவிட்டன. கால் பிரேக்தான் காப்பாற்றியது. விலை அதிகமான கையுறை போட்டிருந்தும் இந்தக் கதி.

பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவரின் கைகள் மணிக்கட்டுவரை, ஹேண்டில்பாரில் கட்டிய இரண்டு பைகளுக்குள் இருந்தன. பைமேல், இந்த மராத்தி ஊரில், தலைகீழாகத் தமிழ் எழுத்து: பொன்னி புழுங்கல் அரிசி.

அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா?

"அண்ணா, இதுக்குள்ள குளிராதா?"

"வண்டி நியூட்ரல்லதான் இருக்கு. கைய விட்டுப் பாருங்க." தன் இடது கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

கையுறையைக் கழற்றிவிட்டு நுழைத்தேன். இப்போதுதான் யாரோ எழுந்துபோன போர்வைக்குள் இருக்குமே, அந்தக் கதகதப்பு.

"மொதல்ல வெறும் கம்பளியில தெச்சா என் வீட்டுக்காரி. காத்து பூந்துடுச்சு. அப்புறம்தான் வெளிய அரிசிப் பை, உள்ள என் பழைய ஸ்வெட்டர். கிளட்ச் பிடிக்க இடம் பத்தலன்னதும் பிரிச்சு மறுபடி தெச்சா."

நான் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"தம்பி, நீங்க கைய எடுத்தாத்தான் நான் ஆபீஸ் போக முடியும்."

மனமில்லாமல் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்கள் பொன்னிப் பையில் பாதிக்குமேல் அரிசி இருக்கிறது. கொட்டி வைக்க டப்பா இல்லை என்கிறாள் மனைவி.

ஆகவே குளிர் போவதற்குள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரக்கூடியவர்கள் கமெண்டில் சொல்லவும். சப்பாத்தி கேட்பவர்கள் வர வேண்டாம்.