பட்டினித் தொட்டி

என் அக்காவைக் கட்டியவருக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று பெயர். ஆலை கேண்டீனில் பரிமாறிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. போதும் என்று யாராவது கையால் தட்டை மறைத்தால், விரல்களின் மேலேயே ஊற்றிவிடுவார். கேண்டீனை மூடியதும், நான் மின்வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளைக் கலக்கிவிடும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

தொட்டிகளில் வளர்வது ஒரு பச்சைப் பாசி. அசையாத ஏரிகளில் பொடிப்பொடிக் கொத்தாக மிதக்கும். உடம்பில் எண்ணெய் இருப்பதால் மேலே நிற்கும். காற்றடித்தால் கரையோரம் ஒதுங்கும். அளவுக்கு மீறிப் பெருகினால் மீன்களுக்கு ஆகாது. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் எண்ணெய் துளித்துளியாகக் கசிவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். பக்குவப்படுத்தினால் வண்டி ஓடும் என்கிறார்கள். ஆனால் பாசி வளர்வதில் மகா சோம்பேறி. அதனால் எங்கள் பக்கம் இதுவரை ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை.

"பெரிய தொட்டிக்கு உரம் போடாதீங்க. பட்டினி கிடந்தாத்தான் எண்ணெய் சேரும்" என்றார் கூடத்தை நடத்தும் விஞ்ஞானியம்மா.

"பட்டினி கிடந்தா கொழுப்பு ஏறுமாம்மா?"

"இதுக்கு ஏறும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தண்ணீர் மெல்ல வெளுத்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. விஞ்ஞானியம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மச்சான், அதுங்க மூஞ்சியே சரியில்லடா."

"பாசிக்கு ஏது அத்தான் மூஞ்சி?"

"பசிச்ச மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

பணம் போடும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. எண்ணெயைக் காட்டினால் கூடம் நடக்கும், இல்லாவிட்டால் பூட்டு. தலை நரைத்த அத்தானுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அக்காவுக்கு அந்தக் கவலையில் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் வந்து பார்த்தால் தொட்டி பச்சைப்பசேல் என்றிருந்தது.

"யாரு உரம் போட்டது?"

"நான்தாம்மா. ஒரு கரண்டி." விஞ்ஞானியம்மா உர டப்பாவைத் திறந்து பார்த்தார். "மூணு இருக்கும்மா. பாக்கச் சகிக்கல" என்றார் அத்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்கா புருஷன் என்றும் பார்த்திருக்க மாட்டேன். விஞ்ஞானியம்மா கத்தவில்லை. கூடவே பட்டினி போட்டிருந்த ஒரு சின்னத் தொட்டி மூலையில் இன்னும் ஆரஞ்சாக இருந்தது. அதைக் காட்டி, "இதுலயும் கை வச்சா எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

அத்தான் உர டப்பாவை அலமாரியில் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா அதைக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சட்டைப்பையைத் தடவியும் பார்த்தாள். அத்தான் சின்னத் தொட்டிக்கு முதுகைக் காட்டியபடியே கூட்டிப் பெருக்கினார். மதியச் சாப்பாட்டை வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோனார், அதன் கண்ணெதிரே எப்படிச் சாப்பிடுவது என்று.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சின்னத் தொட்டியில் பாதியை அள்ளி எடுத்த எண்ணெயில் ஒரு விளக்கு எரிந்தது. பெரியவர் ஒருவர், "தொடர்ந்து நடத்துங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுடரைப் பார்க்காதவர் அத்தான் ஒருவர்தான். தொட்டியில் மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்பவாவது போடலாமா?"

விஞ்ஞானியம்மா அவரையே கொஞ்சம் பார்த்தார். "போடுங்க. ஒரு கரண்டிதான்."

சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. காலையில் அவர் கேட்காமலே அக்கா எடுத்துக் கொடுத்திருந்தாள். தொட்டியின் மேல் குனிந்து, "சாப்பிடுங்க" என்றார். எத்தனை கரண்டி போட்டார் என்று நான் பார்க்கவில்லை. விஞ்ஞானியம்மாவும் திரும்பிக்கொண்டார்.